நியூ காலேஜ் ஆஃப் ஃப்ளோரிடா: போர்டு கைமாறினப்போ பழைய மாணவங்க என்ன செஞ்சாங்க?

2023 ஜனவரி 6-ஆம் தேதி ஃப்ளோரிடா கவர்னர் ரான் டிசாண்டிஸ் ஒரே நாள்ல 6 பேரை ஒரு சின்ன அரசு காலேஜை நிர்வகிக்கிற டிரஸ்டி போர்டுல போட்டார். காலேஜ் பேர் நியூ காலேஜ் ஆஃப் ஃப்ளோரிடா, சாரசோட்டாங்கிற கடலோர ஊர்ல இருக்கு, அப்ப மொத்தமே கிட்டத்தட்ட 700 பேர்தான் படிச்சாங்க. அந்த 6 பேர்ல கிறிஸ்டோஃபர் ரூஃபோ ஒருத்தர், அமெரிக்கா முழுக்க காலேஜ்கள்ல பல இன, பாலின மாணவங்களுக்கும் எடம் இருக்கணும்னு வேலை செய்யற டைவர்சிட்டி ஆபீஸ்களையும் இனம் பத்தின பாடங்களையும் எதிர்த்து பிரச்சாரம் பண்ணி பேர் வாங்கினவர். இன்னொருத்தர் மேத்யூ ஸ்பால்டிங், ஹில்ஸ்டேல் காலேஜ்ங்கிற கன்சர்வேட்டிவ் கிறிஸ்தவ காலேஜ்ல பெரிய பொறுப்புல இருக்கவர். கவர்னரோட ஆபீஸ் ஆளுங்களே இந்த காலேஜை அமெரிக்காவோட தெற்குப் பகுதிக்கான ஹில்ஸ்டேல் ஆக்கப் போறோம்னு வெளிப்படையா சொன்னாங்க, மறைச்சு எதுவும் பண்ணல.

இந்தக் கதை அமெரிக்க பத்திரிகைகள்ல நிறைய வந்தாச்சு, பெரும்பாலும் டிசாண்டிஸ் பத்தி, ரூஃபோ பத்தி, 2024 ஜனாதிபதி எலெக்ஷன் பத்தி. நான் எழுத நினைக்கிறது வேற ஒரு கூட்டத்தைப் பத்தி. அங்க படிச்சு முடிச்சு எப்பவோ வெளியே போன பழைய மாணவங்க. இவங்களுக்கு போர்டுல ஓட்டு கிடையாது, சட்டப்படி எந்த அதிகாரமும் கிடையாது, நிறைய பேர் ஃப்ளோரிடாவுலயே இல்ல. ஆனா அந்த காலேஜ் பிள்ளைங்களும் வாத்தியாருங்களும் அடுத்த ரெண்டு வருஷம் தாக்குப்பிடிச்சதுல இவங்க பங்கு ரொம்பப் பெருசு, அது சரியா பேசப்படலங்கிறது என் எண்ணம்.

முதல்ல காலேஜ் எப்படிப்பட்டதுன்னு தெரியணும், இல்லன்னா இவங்க ஏன் இவ்வளவு துடிச்சாங்கன்னு புரியாது. 1960-ல தனியார் காலேஜா ஆரம்பிச்சு 1964-ல முதல் பேட்ச் சேர்ந்தாங்க. ரிங்லிங் சர்க்கஸ் குடும்பத்தோட கடற்கரை மாளிகைதான் காலேஜோட முக்கியமான கட்டிடங்கள்ல ஒண்ணு, ஹாஸ்டல்ல ஒரு பகுதி பிரபல கட்டிடக் கலைஞர் ஐ. எம். பெய் டிசைன் பண்ணது, அதனால அதுக்குப் பேரே பெய் டார்ம்ஸ். மார்க் கிடையாது, கிரேடு கிடையாது. ஒவ்வொரு பாடத்துக்கும் வாத்தியார் உக்காந்து உன்கிட்ட என்ன நல்லா இருந்துச்சு, எங்க இன்னும் உழைக்கணும்னு பத்தி பத்தியா எழுதிக் குடுப்பார். ஒவ்வொரு செமஸ்டருக்கும் மாணவர் தன்னோட வழிகாட்டி வாத்தியாரோட ஒரு காண்ட்ராக்ட் போடணும், இந்த அரையாண்டு நான் இதெல்லாம் படிக்கப் போறேன்னு. ஜனவரி மாசம் முழுக்க சொந்தமா ஒரு ப்ராஜெக்ட். கடைசி வருஷம் ஒரு தீசிஸ் எழுதி, வாத்தியாருங்க கமிட்டி முன்னாடி உக்காந்து வாய்மொழியா பதில் சொல்லணும், பி.ஏ. பட்டத்துக்கே இவ்வளவு. கணிதத்துல ஃபீல்ட்ஸ் மெடல் வாங்கின வில்லியம் தர்ஸ்டன் இங்க 1967-ல முடிச்சவர். ரிபப்ளிகன் கட்சி எம்.பி.யா ரொம்ப வருஷம் இருந்த லிங்கன் டியாஸ்-பலார்ட்டும் இங்கதான் படிச்சார், அதனால இது ஒரே கட்சிக்காரங்க கூடாரம்னு சொல்றது சரியில்ல.

இந்த காலேஜோட மாஸ்காட் ரொம்ப நாளா வெற்று கணம்தான், அதாவது ரெண்டு அடைப்புக்குறி, நடுவுல ஒண்ணுமே இல்ல. சிங்கம் புலின்னு மத்த காலேஜ் வெச்சுக்கிற எடத்துல இவங்க அதை வெச்சிருந்தாங்க. படிக்கிறவங்களும் படிச்சவங்களும் தங்களை நோவோ கொலீஜியன்னு சொல்லிக்குவாங்க. வார கடைசி ராத்திரி பாம் கோர்ட்டுங்கிற பனைமர முற்றத்துல ஒரு மாணவர் பொறுப்பெடுத்து பாட்டு போட எல்லாரும் ஆடுவாங்க, அதுக்குப் பேர் வால். இப்படி சின்னச் சின்ன பழக்கங்களால கட்டின இடம். 700 பேர்ங்கறதால எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், முப்பது வருஷத்துக்கு முன்னாடி படிச்சவரும் இப்ப படிக்கிற பொண்ணும் பேசினா அஞ்சு நிமிஷத்துல ஒட்டிக்குவாங்க.

காசு மட்டும் எப்பவும் கஷ்டம்தான். 1975-ல கடன் தாங்காம அரசு யூனிவர்சிட்டியான சவுத் ஃப்ளோரிடாவோட சேர்ந்தாங்க. அப்ப ஒரு ஏற்பாடு, அரசு மத்த மாணவருக்கு குடுக்கிற அளவுதான் இங்கயும் குடுக்கும், இந்த மாதிரி சின்ன வகுப்பு நடத்த ஆகுற மிச்ச செலவை வெளியே இருந்து நன்கொடையா திரட்டிக்கணும். அதுக்குன்னே ஒரு ஃபவுண்டேஷன் இருந்துச்சு. 2001-ல தனி காலேஜா மாறி ஃப்ளோரிடா அரசு யூனிவர்சிட்டி சிஸ்டத்துல 11-ஆவது நிறுவனமாச்சு. ஆக, வெளியே இருக்கவங்க கைகொடுத்தாதான் இந்த காலேஜ் ஓடும்ங்கிறது 1975-லயே முடிவான விஷயம்.

இப்ப போர்டு கணக்குக்கு வருவோம், இதுதான் முழு விஷயத்துக்கும் அச்சாணி. நம்ம ஊர் யூனிவர்சிட்டிக்கு சிண்டிகேட் மாதிரி அங்க டிரஸ்டி போர்டு, மொத்தம் 13 பேர். அதுல 6 பேரை கவர்னர் நேரடியா போடுவார். 5 பேரை மாநில அளவுல இருக்க போர்டு ஆஃப் கவர்னர்ஸ் போடும். மிச்ச ரெண்டு, வாத்தியாருங்க பிரதிநிதி ஒருத்தர், மாணவர் தலைவர் ஒருத்தர். அந்த போர்டு ஆஃப் கவர்னர்ஸ்ல 17 பேர், அதுல 14 பேரை போடுறதும் கவர்னர்தான். சுத்திச் சுத்தி ஒரே ஆள்கிட்டதான் வந்து நிக்குது. கவர்னர் 6 பேரை போட்டார், கொஞ்ச நாள்ல மாநில போர்டு இன்னொருத்தரை போட்டுச்சு, 7 ஆச்சு, 13-ல மெஜாரிட்டி. ஒரு சட்டம் மாத்தாம, ஒரு ஓட்டெடுப்பு இல்லாம, ஒரு அரசு காலேஜோட திசையையே மாத்த முடிஞ்சது இதனாலதான்.

இதை 2020-ல நடந்ததோட வெச்சுப் பாக்கணும். அந்த வருஷம் பிப்ரவரியில ஃப்ளோரிடா சட்டசபையில ஒரு மசோதா வந்துச்சு, நியூ காலேஜை ஒரு பெரிய யூனிவர்சிட்டியோட இணைச்சிடலாம், ஒரு பட்டத்துக்கு ஆகுற செலவு ரொம்ப ஜாஸ்தின்னு. பழைய மாணவங்க உடனே கெளம்பிட்டாங்க, மாணவங்களோட சேர்ந்து உறுப்பினர்களுக்கு ஃபோன், கடிதம், தலைநகர் டல்லஹாசிக்கு நேர்ல போறது, பத்திரிகையில எழுதறது, எல்லாம். மசோதா அந்த செஷன்லயே செத்துப்போச்சு. சட்டம்னா ஓட்டு வேணும், ஓட்டுன்னா மனச மாத்த ஆள் இருக்காங்க, ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு தொகுதி இருக்கு, அங்க யாரோ ஒரு முன்னாள் மாணவர் இருப்பார். 2023-ல அந்த வழி அடைஞ்சுபோச்சு. நியமனத்துக்கு ஒரு கையெழுத்து போதும். மிச்சம் இருந்தது மாநில செனட் ஒப்புதல் மட்டும்தான், அதுலயும் ஒரே ஒருத்தர், எட்டி ஸ்பியர்ங்கிறவர், மே மாசம் ஒப்புதல் கிடைக்காம வெளியே போனார், மத்தவங்க எல்லாரும் தங்கிட்டாங்க.

அதனால பழைய மாணவங்க ஜனவரி கடைசிக்குள்ளயே ஒரு விஷயத்தை புரிஞ்சுக்க வேண்டியதாச்சு, போர்டை திருப்பிப் பிடிக்கிறது இப்போதைக்கு நடக்காது. அப்ப என்ன பண்ண முடியும்? உள்ள மாட்டிக்கிட்டு இருக்க பிள்ளைங்களையும் வாத்தியாருங்களையும் தனியா விடாம இருக்க முடியும். நான் பாத்தவரைக்கும் அவங்க செஞ்சதுல பலிச்சது எல்லாமே இந்த ரெண்டாவது வகைதான்.

உள்ள நடந்தது வேகமா நடந்துச்சு. ஜனவரி 31 மீட்டிங்ல பிரசிடெண்ட் பட்ரீஷியா ஆக்கரை தூக்கிட்டாங்க, அவங்க வந்து ரெண்டு வருஷம்கூட ஆகல. அந்த எடத்துக்கு ரிச்சர்ட் கார்கொரன், முன்னாள் சட்டசபை சபாநாயகர், டிசாண்டிஸ் ஆட்சியில கல்வி கமிஷனரா இருந்தவர். அடிப்படை சம்பளம் வருஷத்துக்கு 6,99,000 டாலர், முன்னாடி இருந்தவங்களுக்கு குடுத்ததைவிட ரெண்டு மடங்குக்கு மேல. பிப்ரவரி கடைசியில டைவர்சிட்டி ஆபீஸை மூடினாங்க. ஏப்ரல் 26-ல 5 பேராசிரியர்களோட டென்யூர், அதாவது நிரந்தர வேலை, எல்லா கட்டத்துலயும் பாஸ் ஆகி வந்தது, போர்டுல 6-க்கு 4 ஓட்டுல நிராகரிச்சாங்க. வருஷக்கணக்கா உழைச்சு, சக வாத்தியாருங்க படிச்சுப் பாத்து தகுதி இருக்குன்னு சொன்னவங்க அந்த அஞ்சு பேரும். அந்த மீட்டிங் முடியறப்ப வாத்தியாருங்க பிரதிநிதியா போர்டுல இருந்தவர் ராஜினாமா பண்ணிட்டு எழுந்து போயிட்டார். ஆகஸ்ட்ல ஜென்டர் ஸ்டடீஸ், அதாவது பாலினம் பத்தின பாடப்பிரிவை மூட தீர்மானம். கோடை முடியறதுக்குள்ள வாத்தியாருங்கள்ல மூணுல ஒரு பங்குக்கு மேல போயிட்டாங்க. இலையுதிர் பருவம் ஆரம்பிச்சப்ப முந்தின வருஷ மாணவங்கள்ல கால்வாசிக்கு மேல திரும்பி வரல.

அந்த எண்ணுக்குப் பின்னாடி இருக்கறதை யோசிச்சுப் பாருங்க. மூணாவது வருஷ மாணவர் ஒருத்தர், தீசிஸ் எழுத ஒரே ஒரு வாத்தியாரை நம்பி இருக்கார், அவர் போயிட்டார், அந்தத் துறையில வேற ஆளே இல்ல. கிரேடு இல்லாத காலேஜ்ங்கறதால வேற எங்கயாவது மாறிப்போகணும்னா அந்த எழுத்து மதிப்பீடுகளை மத்தவங்க ஏத்துக்கணும். போதாக்குறைக்கு ஆகஸ்ட்ல ஹாஸ்டல் எடம் புதுசா சேர்த்த விளையாட்டு மாணவங்களுக்குப் போச்சு, பெய் டார்ம்ஸ் பூஞ்சை பிரச்சனையால மூடிக் கெடக்கு, ஏற்கனவே அங்க படிச்சுக்கிட்டு இருந்த மாணவங்கள்ல பல பேரை வெளியே ஹோட்டல்ல தங்க வெச்சாங்க. பேஸ்பால் டீமுக்கு மட்டும் 70 பேர் எடுத்திருந்தாங்க. அந்த பேஸ்பால் பிள்ளைங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, ஸ்காலர்ஷிப் குடுத்தா யாரும் வருவாங்க, ஆனா ஏற்கனவே இருந்தவங்களுக்கு அது சொந்த வீட்டுல இருந்து நகர்த்தின மாதிரி இருந்துச்சு. வெற்று கணம் போய் மாஸ்காட் ஆலமரம் ஆச்சு.

இப்ப அலும்னி, அதாவது பழைய மாணவங்க, செஞ்சதைப் பாப்போம். முதல் பெரிய விஷயம் 2023 மே மாச பட்டமளிப்பு. நியூ காலேஜ்ல பட்டமளிப்பு விழா கடலோரத்துல சூரியன் சாயற நேரத்துல நடக்கும், கருப்பு அங்கி போட்டே ஆகணும்னு இல்ல, பிள்ளைங்க அவங்கவங்களுக்குப் பிடிச்ச வேஷத்துல வருவாங்க, இறக்கை கட்டிக்கிட்டு, கிரீடம் வெச்சுக்கிட்டு. அது அவங்களுக்கு உயிர். புது நிர்வாகம் விழாவுக்கு ஸ்காட் அட்லஸை பேச கூப்பிட்டுச்சு, டிரம்ப்போட கோவிட் ஆலோசகரா இருந்தவர். மாணவங்க அதுக்கு முந்தின நாள், மே 18, தங்களுக்குன்னு ஒரு விழா நடத்தினாங்க, காலேஜ் வளாகத்துக்கு வெளியே, சாரசோட்டா ஆர்ட் மியூசியத்துல. செலவுக்கு ஆன்லைன்ல பணம் திரட்டினாங்க, பழைய மாணவங்க உட்பட எங்கெங்க இருந்தோ குடுத்தாங்க, சிவில் ரைட்ஸ் வக்கீல் மாயா வைலி பேசினாங்க. அந்த மேடையில குடுத்தது சட்டப்படி பட்டம் இல்ல, அது எல்லாருக்கும் தெரியும். ஆனா நாலு வருஷம் கோவிட்லயும் இந்தக் கொந்தளிப்புலயும் படிச்சு முடிச்ச பிள்ளைக்கு, தன்னை மதிக்கிறவங்க முன்னாடி பேர் கூப்பிட்டு கை தட்டறது எவ்வளவு பெரிய விஷயம். அடுத்த நாள் அதிகாரப்பூர்வ விழாவுக்கும் நிறைய பேர் போனாங்க, அங்க அட்லஸ் பேசறப்ப கூச்சல் போட்டு எதிர்ப்பைக் காட்டினாங்க.

ரெண்டாவது, படிப்பு நடுவுல நின்னவங்களுக்கு வழி. மாசசூசெட்ஸ்ல ஹாம்ப்ஷயர் காலேஜ் இருக்கு, அங்கயும் கிரேடு கிடையாது, எழுத்து மதிப்பீடுதான். 2023 மார்ச்ல அவங்க அறிவிச்சாங்க, நியூ காலேஜ் மாணவங்க வந்தா அங்க கட்டற ஃபீஸையே இங்க கட்டினா போதும்னு. முப்பது பேருக்கு மேல போனாங்க. இந்த ஹாம்ப்ஷயரே 2019-ல மூடற நிலைக்கு வந்த காலேஜ், புது பேட்ச் முழுசா சேர்க்க மாட்டோம்னு நிர்வாகம் சொன்னப்ப அவங்களோட பழைய மாணவங்க எதிர்த்து நின்னு, பிரசிடெண்ட் ராஜினாமா பண்ணி, அப்புறம் டாக்குமென்டரி இயக்குனர் கென் பர்ன்ஸ் தலைமையில 6 கோடி டாலர் இலக்கு வெச்சு நிதி திரட்ட ஆரம்பிச்சாங்க. அவரும் ஹாம்ப்ஷயர்ல படிச்சவர்தான். தன்னோட பழைய மாணவங்களால பிழைச்ச காலேஜ் இன்னொரு காலேஜ் பிள்ளைங்களுக்கு கதவைத் திறந்துச்சு. எனக்கு இந்த முழு விவகாரத்துல மனசுக்கு ரொம்ப நெருக்கமான பகுதி இதுதான்.

மூணாவது, பாடம். ஆல்ட் நியூ காலேஜ்னு ஒரு ஆன்லைன் முயற்சி 2023-ல ஆரம்பமாச்சு, பார்ட் காலேஜும், எழுத்தாளர்களோட பேச்சுரிமை அமைப்பான பென் அமெரிக்காவும் துணை நின்னாங்க. உள்ள நிறுத்தின பாடங்களையும் பேச்சுகளையும் வெளியே நடத்தறதுதான் நோக்கம். பழைய மாணவங்க சேர்ந்து நோவோ கொலீஜியன் அலயன்ஸ்னு தனி அமைப்பும் ஆரம்பிச்சாங்க, காலேஜ் நிர்வாகத்தோட கைக்கு எட்டாத எடத்துல. இது ஏன் முக்கியம்னா, அதுவரைக்கும் அலும்னி குடுக்கற காசு, அலும்னி முகவரிப் பட்டியல், வருஷாந்திர சந்திப்பு எல்லாமே காலேஜோட பிணைஞ்சு கெடந்துச்சு. காலேஜ் வேற கைக்குப் போனா அந்தத் தொடர்பும் அதோடயே போயிடும். தனியா ஒரு அமைப்பு, தனியா ஒரு பேங்க் அக்கவுண்ட், தனியா ஒரு மெயில் லிஸ்ட் இருந்தாதான் உதவி நேரா போய் சேரும். கேக்க சாதாரண விஷயம், ஆனா நெருக்கடி வந்த பிறகு இதெல்லாம் கட்டறது ரொம்பக் கஷ்டம், ஆளாளுக்கு ஒரு குரூப் ஆரம்பிப்பாங்க, வக்கீல் ஒரு பக்கம், பத்திரிகை ஒரு பக்கம், உதவி நிதி ஒரு பக்கம்னு பிரிஞ்சு கெடக்கும், இவங்களுக்கும் ஆரம்பத்துல அப்படித்தான் இருந்துச்சு. கோர்ட் பக்கமும் போனாங்க, டைவர்சிட்டி செலவுக்கும் சில பாடங்களுக்கும் தடை போடற எஸ்.பி. 266 சட்டத்தை எதிர்த்து 2023 ஆகஸ்ட்ல என்.சி.எஃப் ஃப்ரீடம்ங்கிற அமைப்பும் வாத்தியாருங்களும் மாணவங்களும் வழக்கு போட்டாங்க. அந்தச் சட்டத்துல டிசாண்டிஸ் கையெழுத்து போட்டதே நியூ காலேஜ் வளாகத்துல வெச்சுத்தான், மே 15-ஆம் தேதி.

எல்லா அலும்னியும் ஒரே பக்கம்னு நினைச்சுடக்கூடாது. டிசாண்டிஸ் போட்ட 6 பேர்ல டெப்ரா ஜெங்க்ஸ் இங்க படிச்சவங்கதான், அப்புறம் போர்டு தலைவரும் ஆனாங்க. மாணவர் எண்ணிக்கை 2016-ல 850-க்கு மேல இருந்தது 700-க்குக் கீழ வந்துடுச்சு, கட்டிடங்கள் பாழாகுது, ஏதாவது பண்ணியே ஆகணும்னு ஒரு தரப்பு சொல்லுச்சு, அதுல உண்மை இருக்கு, மறுக்க முடியாது. ஆனா அந்தக் குறைக்கு மருந்து காசும் கட்டிடமும்தான், புது நிர்வாகத்துக்கு அரசு சீக்கிரமே 1.5 கோடி டாலர் குடுத்துச்சு, இதே காசை முன்னாடியே குடுத்திருந்தா வாத்தியாருங்களை இழக்காமயே மாணவங்களைக் கூட்டியிருக்கலாம்.

இதைவிட வலிச்சது எதிர்ப்பாளர்களுக்குள்ளயே இருந்த சண்டை. நன்கொடையை நிறுத்தணுமா, தொடரணுமா? நிறுத்தினா நிர்வாகத்துக்கு அழுத்தம், ஆனா அந்தக் காசுல படிக்கிற பிள்ளையும் அடிபடும். உயில்ல காலேஜுக்கு எழுதி வெச்சதை மாத்தி எழுதினவங்க உண்டு. புதுசா சேர வர்ற பிள்ளைங்ககிட்ட இங்க சேராதேன்னு சொல்லலாமா? சொன்னா காலேஜ் இன்னும் சுருங்கும், சொல்லலன்னா அந்தப் பிள்ளையை ஏமாத்தற மாதிரி. என் கருத்து, காசை நேரா மாணவங்க கைக்குப் போற வழியா மாத்தினவங்க செஞ்சதுதான் சரி. நிறுவனத்தை தண்டிக்கணும்னு நினைச்சு உள்ள இருக்கவங்களை பட்டினி போடக்கூடாது.

2024 ஆகஸ்ட்ல நடந்தது இன்னும் கண்ணுலயே நிக்குது. லைப்ரரிக்குப் பின்னாடி ஒரு பெரிய குப்பைத்தொட்டி, அதுல புத்தகங்கள் நிரம்பி வழியுது. ஜென்டர் டைவர்சிட்டி சென்டர்ல பிள்ளைங்க வருஷக்கணக்கா சேர்த்து வெச்ச புத்தகங்களும் அறையைக் காலி பண்ணி வெளியே வந்துடுச்சு. நிர்வாகம் சொன்னது, லைப்ரரியில பழசைக் கழிக்கிறது வழக்கமான வேலை, அரசு காசுல வாங்கினதை தானம் பண்ண சட்டம் விடாதுன்னு. கழிக்கிறது எல்லா லைப்ரரியிலயும் உண்டுதான், ஆனா மாணவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி எடுத்துக்கங்கன்னு விடறதுக்கு எந்த நாட்டு சட்டமும் தடையா இருக்காது. தகவல் பரவின கொஞ்ச நேரத்துல மாணவங்களும் உள்ளூர் இளைஞர் அமைப்பு ஒண்ணும் வந்து சென்டர் புத்தகங்கள்ல முடிஞ்சதைக் காப்பாத்தி எடுத்துட்டுப் போனாங்க. லைப்ரரி புத்தகங்கள் வண்டி ஏறிப் போயிடுச்சு. படம் எடுத்து உலகத்துக்கு தெரியப்படுத்தினதுல, அடுத்தடுத்த நாள் பத்திரிகைகளுக்கு விளக்கினதுல இந்த ரெண்டு வருஷத்துல கட்டின தொடர்புகள் எல்லாம் உதவுச்சு. அதே வருஷம் பிப்ரவரியில அமெரிக்கப் பேராசிரியர்கள் சங்கம் நியூ காலேஜ் நிர்வாகத்தைக் கண்டிச்சு தன்னோட சாங்க்ஷன் பட்டியல்ல சேர்த்திருந்துச்சு, அதுக்கு முன்னாடி வந்த விசாரணை அறிக்கையில இருந்தது பெரும்பாலும் இதே மாதிரி உள்ள இருந்தவங்க சொன்ன தகவல்தான்.

இனி என்ன? டிரஸ்டி பதவி ஒவ்வொண்ணும் 5 வருஷம். டிசாண்டிஸ் மறுபடி நிக்க முடியாது, 2026 நவம்பர் எலெக்ஷன்ல ஜெயிக்கிறவர் 2027 ஜனவரியில கவர்னர் ஆவார், அதுக்கப்புறம் கவர்னர் போடற 6 சீட்டுல காலியாகுற ஒவ்வொண்ணுக்கும் யாரைப் போடறதுங்கிறது அவர் கையில. அடுத்தவர் நல்லவரா வந்தாலும் அமைப்பு இதேதான், ஒரு கையெழுத்துல மறுபடி எந்தப் பக்கமும் திருப்பலாம். என்னைக் கேட்டா அலும்னி அடுத்து டல்லஹாசியில கேக்க வேண்டியது ஒரே ஒரு சட்டத்திருத்தம், பழைய மாணவங்க தங்களுக்குள்ள ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கிற ஒருத்தருக்கு இந்த 13-ல ஒரு எடம். மாணவர் நாலு வருஷம் இருந்துட்டுப் போறார், அவருக்கு ஒரு சீட் இருக்கு. படிச்சு முடிச்சு ஐம்பது வருஷமா காசும் நேரமும் குடுத்துக்கிட்டு இருக்கவங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் அந்த ஒண்ணு இல்ல.